காப்பு அவிழட்டும் என்றாயே

அண்ணா,

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் திணித்தார். "ஒங்கண்ணன் ஒன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. என்னான்னு எனக்குத் தெரியாது" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் மூடியைத் திறந்தேன். குப்பென்று ஊதா மை வாசம். உள்ளே தோட்டத்து ஆபீசின் ரப்பர் முத்திரையும் பாதி காய்ந்த மைப்பெட்டியும் இருந்தன. 'பெற்றுக்கொண்டோம்' என்று மலாயில் சொல்லும் அதே முத்திரை. தோட்டத்தை விற்று ஆபீசைப் பூட்டியபோது மேசை நாற்காலிகளை எல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதை மட்டும் நீ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். பக்கத்து சீட்டில் இருந்த சீனக் கிழவி திரும்பிப் பார்த்தாள். "பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

செத்தவரைத் திட்டக்கூடாதாம். நீ உயிரோடு இருந்த கடைசி மூன்று வருடம் உன்னோடு பேசாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசப்போகிறேன். பத்து வயது மூத்த உன்னை நேரில் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எழுபதுகளில் நீ தோட்டத்து ஆபீசில் சின்ன கிராணியாக, கணக்குப்பிள்ளையாக, வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய கையோடு வந்து, உன் வெள்ளைச் சட்டையில் கறை படக்கூடாதென்று தள்ளி நின்றே பார்த்தார். கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து ஆபீஸ் மேசைக்குப் போன முதல் ஆள் நீதான். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவதும், எல்லாருடைய கடிதங்களையும் வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் உன் வேலை. எனக்கு உன்னைப் பற்றி எவ்வளவு பெருமை தெரியுமா! பள்ளியில் யாராவது என்னோடு சண்டைக்கு வந்தால், "எங்கண்ணன் கிராணி, தெரியும்லா" என்பேன்.

பக்கத்து லயத்துக் காத்தாயி அக்காவை அவள் புருஷன் அடித்ததில், முகம் வீங்கி, இரண்டு நாள் வேலைக்கு வரமுடியாமல் கிடந்தாள். நீ வருகை எழுதும் செக்ரோலில் அவள் பெயருக்கு நேராகக் 'காய்ச்சல்' என்று எழுதினாய். எனக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் நீ சாப்பிடும்போது கேட்டேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அடின்னு எழுதுனா மாத்தா வருவான். மாத்தா வந்து புடிச்சிட்டுப் போனா அவனுக்கு வேல போவும். வேல போனா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான் தொர. அப்பறம் அவ புள்ளைங்கள எங்க தூக்கிட்டுப் போவா? சொல்லு பாப்போம்." மாத்தா என்றால் நமக்கு போலீஸ். அதைக் கேட்டு அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

கோயில் கமிட்டி கூடிக் காத்தாயி புருஷனுக்கு அபராதம் போட்டது. ஒரு தேங்காய், ஒரு கட்டுக் கற்பூரம். அவனும் உடைத்தான், கும்பிட்டான், மூன்றாம் வாரம் மறுபடி அடித்தான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாய் நீ. அந்தப் பழமொழியை இன்றைக்கு யார் என் முன்னால் சொன்னாலும் நான் மரியாதை பார்ப்பதில்லை. அடிக்கிற கையை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அது அணைத்ததை நான் பார்த்ததே இல்லை.

உனக்கு எல்லாவற்றையும் ஆறப்போட வேண்டும். அதுதான் உன் குணம். சண்டையா, ஆறட்டும். புகாரா, ஆறட்டும். "சூட்டோட சூடா எதயும் செய்யாத தங்கச்சி" என்று உபதேசம் வேறு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அம்மா சொல்வாள், நீ சிரிப்பாய்.

தொண்ணூறுகளில் சட்டம் வந்தது. மனைவியை அடிப்பது இனி வீட்டு விவகாரம் இல்லை, கோர்ட்டு விவகாரம் என்றார்கள். சட்டம் வந்தால் போதுமா, அதை நடத்தப் பணம் வேண்டாமா? அரசாங்கம் பணம் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அடிபட்ட பெண்ணோடு போலீஸ் நிலையத்துக்குப் போகவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விண்ணப்பம் எழுதவேண்டும், சிரம்பான் கோர்ட்டில் பக்கத்தில் நிற்கவேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். நாற்பதை நெருங்கும் வயதில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வேலை. நீ தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்: "என் தங்கச்சிக்கு கவர்மெண்டு வேல."

மீதிப் பணம் எங்கே போனது என்று கேள். போலீசாருக்குப் பயிற்சி என்று சி ரூசா கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரு பை, ஒரு ஃபைல், காலையில் நாசி லெமாக், நாலு மணிக்கு கறிபாப். மேடையில் ஒரு பெரிய மனிதர், பெண்கள் நம் கண்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். பின்வரிசையில் இருந்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வட்டாரப் போலீஸ் நிலையத்தில் பெண்கள் அழுது பேச ஓர் அறை ஒதுக்கி, பூப்போட்ட திரை போட்டு, சோபா வாங்கி வைத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த அறையில் விளையாட்டுக் கோப்பைகளும் உடைந்த மேசைவிசிறியும்தான் குடியிருந்தன. அப்புறம் சுவரொட்டிகள். கட்டுக் கட்டாகச் சுவரொட்டிகள். தடுக்கும் ஒரு கை, கீழே ஒரு போன் நம்பர். நீ என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உன் மேசைக்கு மேலேயே ஒட்டினாய். நாலு மூலைக்கும் பசை தடவி, நிமிர்த்தி, "கோணலா இருக்கா பாரு" என்று கேட்டாய்.

இப்போது அஞ்சலைக்கு வருகிறேன்.

நம் தோட்டத்துப் பெண்தான். இருபத்தாறு வயது, நல்ல வெட்டுக்காரி. வேலையை மேற்பார்க்கும் தண்டலே சொல்வார், மரத்துக்கு நோகாமல் வெட்டுகிற கை என்று. அவள் புருஷன் ரத்தினம் சம்சு குடித்தால் மிருகம், குடிக்காவிட்டால் ஊமை. ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பாரோயில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஓடிவந்தாள். அக்காதான் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். காதுக்குப் பின்னால் தையல் போட்டிருந்தது. "அக்கா, என்னய திருப்பி அனுப்பிடாதீங்க" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

அனுப்பவில்லை. புகார் எழுதி, டாக்டர் சான்று வாங்கி, கோர்ட்டில் நின்று, பாதுகாப்பு ஆணை வாங்கிவிட்டேன். அவன் அவளைத் தொடக்கூடாது, மிரட்டக்கூடாது. மீறினால் போலீஸ் உடனே கைது செய்யலாம். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீயே சிரித்திருப்பாய். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்தத் தாள் ரத்தினத்தின் கைக்கே போய்ச் சேரவேண்டும். போனால்தான் அது ஆணை, போகாதவரை அது வெறும் காகிதம். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது போலீஸ் வேலை.

கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளில் வந்தான், தோட்டத்து ஆபீசில் உன் கையில் கொடுத்தான், நீ முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாய், அவன் திரும்பிப் போனான். லயத்துப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆணை சேர்ந்தது என்று ஃபைலில் ஏறிவிட்டது. பணம் கொடுத்தவர்கள் கேட்கும் அறிக்கையிலும் ஏறிவிட்டது. அந்த ஃபைலைப் பார்த்துத்தான் நான் அஞ்சலையிடம் சொன்னேன்: "பேப்பர் அவன் கைக்குப் போயிருச்சு. இனிமே தொட்டான்னா உள்ளதான்."

நீ என்ன செய்தாய்? அந்தத் தாளைப் படித்தாய். மடித்தாய். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாய். அந்தச் சுவரொட்டிக்கு நேர் கீழே!

ஏனென்றால் மாரியம்மன் திருவிழா. ஏனென்றால் நீ கமிட்டிச் செயலாளர். ஏனென்றால் அந்த வருடம் கரகம் எடுக்கப்போவது ரத்தினம். இரண்டு நாளைக்கு முன்னால்தான் பூசாரி அவன் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவன் பத்து நாள் தோட்டத்தை விட்டு வெளியே தங்கக்கூடாது. அவன் காதில் கெட்ட சேதி விழக்கூடாது, அவன் மனம் கலங்கக்கூடாது. கலங்கினால் கரகம் சரியும், கரகம் சரிந்தால் தோட்டத்துக்கே ஆகாது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான். நானும் அதே கோயில் கூழைக் குடித்து வளர்ந்தவள்தானே, எனக்குப் புரியாதா?

பிறகு நான் வந்து சண்டை போட்டபோது நீ சொன்ன விளக்கம் இன்னும் என் காதில் நிற்கிறது. "காப்புக் கட்டுன கை தங்கச்சி அது. குடிக்க மாட்டான், கவிச்சி தொட மாட்டான், கோயில்லயே படுத்துக் கெடப்பான். அந்தப் பத்து நாளு அஞ்சலைக்கு அதவிடப் பெரிய காவலு ஏது? ஒங்க கோர்ட்டுக் காயிதமா? காப்பு அவிழட்டும், திங்கக்கெழம பெரட்டுல அவன் கையில குடுத்துருவோம்னுதான் வச்சிருந்தேன்." நீ கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு என் பாட்டுக்கு இருந்திருப்பேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டே செய்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

நீ சொன்னபடியே காப்பு அவனைப் பிடித்துத்தான் வைத்திருந்தது. பத்து நாளும் அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லையாம். கரகம் அழகாக ஊர்வலம் வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஞ்சள் நீராட்டு, பூசாரி காப்பை அவிழ்த்தார். ஒரு மணிக்கு அவிழ்த்தார் என்றால் ஒன்றரை மணிக்குச் சம்சு.

அதே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அஞ்சலை தோட்டத்துக்குப் போனாள். மகளைப் பாரோயில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும், அது வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஊரே கோயிலில் இருக்கும், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று அக்கா புருஷனின் மோட்டாரில் வந்து இறங்கினாள். போகலாமா என்று என்னிடம் முதல் நாள் கேட்டாள். "தைரியமாப் போ, பேப்பர் இருக்கு" என்று சொன்னவள் நான்.

அவன் வீட்டில் இருந்தான். பெட்டியை இழுத்தவளைப் பார்த்து, "என்னாடி தூக்கிட்டுப் போற?" என்றான். அவள் பயப்படவில்லை. ஏன் பயப்படவேண்டும்? அதுதான் நான் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தேனே. நாலு பேர் கேட்க வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள்: "கோர்ட்டு பேப்பர் ஒன் கைக்கு வந்திருச்சுல்ல? இனிமே எம்மேல கைய வச்சிப் பாரு, மாத்தா வந்து தூக்கிட்டுப் போவான்." அவன் எந்தப் பேப்பரையும் பார்க்கவில்லை. கோர்ட்டு என்ற சொல்லையே அப்போதுதான், அவள் வாயால், காப்பு அவிழ்த்த அன்றே, ஊர் முன்னால் கேட்கிறான். அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தான். அவள் தலையை மறைக்க வலது கையைத் தூக்கினாள். அக்கா புருஷன் ஓடிவந்து அவனைப் பிடிப்பதற்குள் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

டாக்டர்கள் தகடு வைத்துப் பார்த்தார்கள், கம்பி வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கை இனித் திரும்பாது என்றார்கள். மரத்துக்கு நோகாமல் வெட்டிய கை!

கேஸ் வந்தது. ஆணையை மீறினான் என்றால் தண்டனை கடுமையாக இருக்கும், அவன் உள்ளே போவான், அவள் நிம்மதியாக மகளைப் பள்ளிக்கு அனுப்புவாள். ரத்தினம் மாஜிஸ்திரேட்டிடம் ஒரே வரியில் நின்றான்: "எனக்கு எந்தப் பேப்பரும் வரல துவான்." அவனுக்கு எதிராக இருந்தது உன் முத்திரை ஒன்றுதான். கான்ஸ்டபிளை அதற்குள் வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அண்ணி கொடுத்த கோப்பியைக்கூடத் தொடவில்லை. "அண்ணே, குடுத்தேன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்த. அவ்வளவுதான்" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றியா தங்கச்சி? கோர்ட்டுலயா?"

"இருவது வருசமா செக்ரோல்ல காய்ச்சல் காய்ச்சல்னு எழுதுனீங்களே, அது என்னா? வேதமா?"

நீ சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாய். பிறகு, "அந்தப் பொய்யால யாரும் ஜெயிலுக்குப் போவல" என்றாய்.

"ஜெயிலுக்குப் போவாததாலதானண்ணே ஒவ்வொருத்தியா செத்துச் செத்துப் பொழச்சாங்க!" என்று கத்தினேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் கூண்டில் ஏறினாய். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நெற்றியில் பட்டை விபூதி. ஊரில் உள்ள பொய்யை எல்லாம் உன் கையாலேயே எழுதியவன், அந்த ஒரு நாள் பார்த்து உனக்குச் சத்தியம் பிறந்துவிட்டது. "நான் அவன் கையில குடுக்கல துவான். இழுப்பறையில வச்சிப் பூட்டிட்டேன். தப்பு என்னோடது." அஞ்சலை கட்டுப்போட்ட கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னது மலாய்தான், அவளுக்கு முழுக்கப் புரிந்தது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆணை மீறல் விழுந்துவிட்டது. மிஞ்சியது சாதாரண அடிதடிக் கேஸ். அவன் ஒப்புக்கொண்டான், அபராதம் கட்டினான், ஒழுங்காக நடப்பேன் என்று பிணை எழுதிக் கொடுத்தான், வெளியே வந்து பீடி பற்றவைத்தான். அபராதம்! பழைய தேங்காயும் கற்பூரமும்தான், பெயரை மாற்றிவிட்டார்கள், அவ்வளவே.

உனக்கு என்ன ஆயிற்று? துரை ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். தோட்டத்து ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தன் தலைக்கு வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன மனுசன்! அடுத்த திருவிழாவில் கமிட்டி உனக்குச் சால்வை போர்த்தியது. அந்தப் படத்தை அண்ணி கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். கருமாதியன்று நான் அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அஞ்சலை ஆறு மாதம் பாரோயில் கதவைப் பூட்டிக்கொண்டே இருந்தாள். ரத்தினம் தெருமுனையில் வந்து நிற்பான், ஒன்றும் செய்யமாட்டான், நிற்பான். புதிதாக இன்னோர் ஆணை வாங்கி, அதைக் கோர்ட்டிலேயே அவன் கையில் கொடுக்கவைத்தேன். அதற்கப்புறம்தான் அவன் வடக்கே ஏதோ செம்பனைத் தோட்டத்துக்குப் போய்த் தொலைந்தான்.

மறு வருடம் பணம் மறுபடி வந்தது. எதற்குச் செலவு செய்யலாம் என்று சிரம்பானில் கூட்டம் போட்டார்கள். மறுபடி ஹோட்டல் வகுப்பு, மறுபடி சுவரொட்டி என்று பட்டியல் வாசித்தார்கள். நான் எழுந்தேன். "மோட்டாருக்கு எண்ணெய்க் காசு குடுங்க. லயத்து வாசல் வரைக்கும் போறதுக்கு ஓர் ஆள் குடுங்க. அவன் பேரச் சொல்லி, அவன் மூஞ்சியப் பாத்து, அவன் கையில குடுத்தேன்னு எழுத ஒரு ஃபாரம் அடிங்க. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒரு தோட்டத்தில், ஒரு கிராணி, என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் அண்ணன் என்று சொல்லவில்லை. எண்ணெய்க் காசு கிடைத்தது. வேடிக்கையைப் பார், ஒதுக்கிய பணத்திலேயே அதுதான் சின்னத் தொகை. இப்போது ஒவ்வோர் ஆணைக்கும் நானும் கூடப் போகிறேன். அந்த ஆள் தாளை வாங்கி, விரித்து, கையெழுத்துப் போடும்வரை நாய் குரைக்கிற வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை வந்தேன். சர்க்கரையால் புரையோடிப்போன காலை முட்டிக்கு மேலே எடுத்திருந்தார்கள். நீ என்னைப் பார்த்து, "பசியாறிட்டியா?" என்றாய். "ஆச்சு" என்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். கிளம்பிவிட்டேன். பதினோரு நாளில் நீ போய்விட்டாய்.

இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். இதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மூடினால் என்னைப் போல் ஒரு கள்ளி இருக்கமாட்டாள்.

அந்தக் கான்ஸ்டபிள் ஆணையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதற்கு முன்னால் என் மேசைக்குத்தான் வந்தான். அந்தத் தோட்டத்தில் எத்தனை லயம், எந்த வீடு, ஒரே சேறாக இருக்குமே, எங்கே போய்த் தேடுவது என்று கேட்டான். நான்தான் சொன்னேன்: "நீங்க ஏன் அலையணும்? ஆபீஸ்ல கிராணிகிட்ட குடுங்க. அவரு எங்கண்ணன். இன்னிக்கே அவன் கையில போய்ச் சேரும்." பெருமையாகச் சொன்னேன். பள்ளியில் சொன்ன அதே பெருமை. அவன் கையிலேயே கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். சி ரூசா வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவள் நான். உன் குணமும் எனக்குத் தெரியும், திருவிழா என்றும் தெரியும். அன்றைக்கு ஒரு போன் போட்டு, "குடுத்திட்டீங்களாண்ணே" என்று கேட்கவில்லை.

மாற்றலாகிப் போகும்முன் கான்ஸ்டபிளே என்னிடம் சொன்னான், அதை உன்னிடம் சொல்லித்தான் கொடுத்தானாம். உன் தங்கச்சி இங்கே கொடுக்கச் சொன்னாள் என்று. ஆகவே உனக்குத் தெரியும். கூண்டில் நின்றபோது மாஜிஸ்திரேட் கேட்டார்: போலீஸ் ஏன் உம்மிடம் கொடுத்தது, யாராவது கொடுக்கச் சொன்னார்களா? ஒப்பந்தம் போகும், வேலை போகும், ஊர் காறித் துப்பும். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "தோட்டத்துக்கு வர்ற கடுதாசி எல்லாம் என் கைக்குத்தான் வரும் துவான். அது வழக்கம்" என்றாய். அன்றைக்கு நீ மறைத்தது அந்த ஒன்றைத்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து ஊர் பார்க்க உன்னோடு பேச்சை முறித்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பாரோய்க்குப் போனேன். அஞ்சலை வாசலில் முறம் வைத்துக்கொண்டு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கேண்டீனில் வேலை பார்க்கிறாள். வலது கையால் காயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் நறுக்கப் பழகிவிட்டாள். மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கான்ஸ்டபிள் என்னிடம் கேட்டது, நான் சொன்னது, நீ மறைத்தது. அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஒங்கண்ணன் செத்தப்பறந்தான் சொல்ல வாய் வந்துச்சாக்கா?" என்றாள்.

நான் அவள் முறத்துக்கு எதிரே குந்தினேன்.

"மூணு வருசமா வெள்ளிக்கெழம தவறாம கோயிலு வாசல்ல நின்னு ஒங்கண்ணன் பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துனேன். காயிதத்த மறச்சவன் கால் அழுகிப் போவணும்னு. கால் அழுகித்தான போனாரு?"

"ஆமா."

"அதுல பாதி ஒனக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் பங்கு வச்சித் தூத்தியிருப்பேன்லா. எல்லாத்தயும் அவரே வாங்கிட்டுப் போயிட்டாரே!"

"எம்பங்க இப்ப தூத்திரு அஞ்சல" என்றேன். மெய்யாகவே கேட்டேன். கை நீட்டிக்கூடக் கேட்டேன்.

"போக்கா. வீட்டுக்குப் போ" என்றாள். பயற்றங்காயை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பாதியைத் தூற்ற ஆளில்லாமல் நான் வைத்துக்கொண்டு இருக்கிறேன், அண்ணா. உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே, சொல்லமாட்டேன். உன்னுடையதை நீ கொண்டுபோனாய், சரி, அது உனக்குச் சேரவேண்டியது. என்னுடையதையும் ஏன் எடுத்துக்கொண்டு போனாய்? உன்னை யார் கேட்டது?